எழுபத்தொரு வீதம்

காலை பத்து இருபதுக்கு அந்தச் சத்தம் முதன்முதலில் கேட்டது. டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் டிக், டிக். பிறகு அரிசிக்குள் கிடந்த கல் அரைபடுவதுபோல ஒரு கர்ர். பிரியவதனி தட்டச்சுப் பலகையிலிருந்து இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டாள். மடத்துவெளிச் சந்தியில் பன்னிரண்டு வருடமாகக் கடை நடத்துகிறவள். போட்டோக் கொப்பி, கடவுச்சீட்டுப் படம், விண்ணப்பப் படிவம், பழுதான கணினி எல்லாம் அவளிடம்தான் வரும். ஊராரின் கணினிகளில் இந்தச் சத்தத்தை எத்தனையோ தடவை கேட்டு, "இது முடிஞ்சுது அண்ணை" என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்லியிருக்கிறாள். இன்றைக்குச் சத்தம் வந்தது அவளுடைய சொந்த மேசைக்குக் கீழிருந்து.

திரை உறைந்து போயிருந்தது. பாதி திறந்த பக்கத்தில் ஆழ்வாப்பிள்ளையின் நெற்றியும் திருநீறும் மட்டும் தெரிந்தன. கண்கள் இன்னும் வந்து சேரவில்லை.

"என்ன தங்கச்சி, நிண்டிட்டுதோ?" என்றான் எதிர்க் கதிரையில் இருந்த நிசாந்தன். ஆழ்வாப்பிள்ளையின் மூத்த மகன். சுவிசிலிருந்து தகப்பனின் செத்தவீட்டுக்கு வந்தவன். நாளை மறுநாள் முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி. அன்று சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுக்கவேண்டிய கல்வெட்டுப் புத்தகம்தான் அந்தக் கணினிக்குள் இருந்தது. நாற்பது பக்கம். இறந்தவரின் படம், வரலாறு, தேவாரங்கள், நடுப்பக்கத்தில் வம்சாவளி. வாங்குகிறவர்கள் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பிறகு நேரே நடுப்பக்கத்துக்குத்தான் போவார்கள். யாருடைய பெயர் எங்கே இருக்கிறது, யாருடையது இல்லை என்று பார்த்து முடித்த பின்புதான் தேவாரம்.

"மூண்டு மணிக்கு முதல் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவேணும் எண்டு அச்சகக்காரன் சொன்னவன். பிந்தினா ஏலாதாம்."

"தெரியும் அண்ணை. மூண்டு மணிக்குள்ள போகும்."

"போகாட்டி?"

"போகும் எண்டுதானே சொல்லுறன்."

மூலைக் கதிரையில் அப்புத்துரை செருமினார். கிராம அலுவலரான விதானையாரிடம் கொடுக்க அடையாள அட்டைக் கொப்பி ஒன்று எடுக்க வந்தவர். கொப்பி கைக்கு வந்து அரை மணித்தியாலம். எழும்புகிற எண்ணம் இல்லை. "தம்பி நிசாந்தன்," என்றார், "நடுப்பக்கத்தில பொம்பிளைப் பிள்ளையின்ர பேரும் வருதோ?"

"அண்ணை, கொப்பி எடுத்திட்டீங்கள்தானே?" என்று குறுக்கிட்டாள் பிரியவதனி.

"எடுத்திட்டன். வெய்யில் ஆறட்டும் எண்டு இருக்கிறன்."

புரட்டாதி மாதத்துப் பத்தரை மணி வெயில் ஆறுவதாவது.

பெண்பிள்ளை என்று அவர் சொன்னது கிருசாந்தியை. நிசாந்தனுக்கு இளையவள், கனடாவில் இருக்கும் நிலக்ஷனுக்கு மூத்தவள். பதினாலு வருடத்துக்கு முன்பு நாரந்தனைக் கடற்றொழில் குடும்பத்துப் பையன் டிலோனை மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக் கட்டிக்கொண்டு போனவள். தகப்பனின் செத்தவீட்டன்று வந்தாள். படலைக்கு வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், கறுப்புக் குடையோடு நின்றாள். பாடை போனதும் பேருந்தேறிப் போய்விட்டாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. மூன்று நாளைக்கு முன்பு நிசாந்தன் கொண்டுவந்து கொடுத்த கையெழுத்துத் தாளில் இரண்டு ஆண்பிள்ளைகள், இரண்டு மருமக்கள், ஐந்து பேரப்பிள்ளைகள். அவ்வளவுதான்.

பிரியவதனி கொடுத்ததை அடித்துக் கொடுத்தாள். ஆனால் அவளுக்கு மட்டும் தெரிந்த விசயம் ஒன்று இருந்தது.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆழ்வாப்பிள்ளை இதே கதிரையில் வந்து இருந்தார். வெள்ளை வேட்டி, மடித்த குடை, சட்டைப்பையில் ஊர்காவற்றுறைக் கிளினிக் அட்டை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். "செத்த மனுசியின்ர கல்வெட்டில பெடியள் மகளை விட்டுப்போட்டாங்கள்," என்றார். "நான் அப்ப வாய் திறக்கேல்லை. என்ரையை நானே சொல்லுறன். அடியும் பிள்ளை." தன்னுடைய கல்வெட்டைத் தானே சொல்லி அடிப்பித்தார் மனிதர். இறந்த திகதிக்கு மட்டும் இடம் விடச் சொன்னார். மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று நாலு பெயர்களையும் தாளைப் பார்க்காமலே சொன்னார். எல்லாம் முடிந்து படியிறங்கும்போது திரும்பி நின்று, "ஆரும் கேட்டா குடும். கேக்காட்டி விடும்," என்றார்.

யாரும் கேட்கவில்லை. நிசாந்தனும் கேட்கவில்லை. முதலிலிருந்து அடிக்க நேரமில்லாமல் அவள் தகப்பனின் கோப்பைத் திறந்து, நடுப்பக்கத்தில் மகளின் பெட்டியை எடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் நெருக்கி வைத்து, புதுப்பெயரில் சேமித்தாள். இரண்டு கோப்புகளும் இப்போது கணினியின் ஒரே வன்தட்டுக்குள், பக்கத்தில் பக்கத்தில், டிக் டிக் என்று செத்துக்கொண்டிருந்தன.

அவள் பின்பக்கப் பொத்தானை அமர்த்தி மின்சாரத்தை நிறுத்தினாள். கடை திடீரென்று அமைதியானது.

"ஏன் நிப்பாட்டினனீர்?" நிசாந்தன் எழுந்துவிட்டான்.

"ஹாட் டிஸ்க் சாகுது. ஓடவிட்டா இன்னும் கெதியாச் சாகும்."

"அப்ப கழட்டித் தாரும். ஒரு வானைப் பிடிச்சு யாழ்ப்பாண ரவுணுக்குக் கொண்டுபோவம்."

"உந்தக் குண்டும் குழியுமான பாலத்து ரோட்டிலயோ? வேலணைக்குப் போய்ச் சேரமுதல் உயிர் போயிடும்." அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, பழைய தட்டில் பாதியளவு கூட இல்லாத ஒரு மெல்லிய கறுப்புத் தகட்டை எடுத்தாள். ஆடி மாதம் வாங்கிய எஸ்.எஸ்.டி, சுழலாத புதுவகைச் சேமிப்புத் தட்டு. உறை கூடப் பிரிக்கப்படவில்லை. "இதுக்கு மாத்தப்போறன். புத்தகத்தை மட்டுமில்லை, முழுசா. இந்தப் புத்தகம் திறக்கிற சொப்ட்வெயார் பழசு. சீடி எங்கையெண்டே தெரியாது. திருப்பிப் போட ஏலாது. அதால விண்டோசோட, எழுத்துகளோட, எல்லாத்தையும் அப்படியே தூக்கி இதுக்குள்ள வைக்கவேணும்."

"முந்திச் செய்திருக்கிறீரோ?"

"இறுப்பிட்டியில இருந்து இங்கால எத்தினை பேற்றை கொம்பியூட்டர் இருக்கோ, அதில பாதிக்கு நான்தான் மாத்தினனான். என்ரைக்குத்தான் நேரம் கிடைக்கேல்லை."

அப்புத்துரை சிரித்தார். "ஊருக்கெல்லாம் ஊசி போட்டவ தனக்குப் போட மறந்திட்டா."

"அண்ணை, சும்மா இருக்கிறதெண்டா இருங்கோ. இல்லாட்டி விதானையார் பாத்துக்கொண்டிருப்பார்."

"அவர் மத்தியானம்தான் வருவார்."

பத்து ஐம்பதுக்கு வேலை தொடங்கியது. பழைய தட்டைக் கழற்றி மேசையில் வைத்து, வயரை நீட்டி மறுபடி இணைத்தாள். எஸ்.எஸ்.டியை யூ.எஸ்.பி வயரில் கொழுவினாள். கணினியை அதன் சொந்த விண்டோசில் எழுப்பவில்லை. பென்ட்ரைவில் வைத்திருந்த பிரதி எடுக்கும் நிரலில் எழுப்பினாள். அப்படியென்றால் பழைய தட்டு வாசிக்கப்படுவதைத் தவிர வேறு வேலை செய்யவேண்டியதில்லை. பிறகு மேசை விசிறியைத் திருப்பி, நேரே தட்டின்மேல் காற்று விழும்படி வைத்தாள். சூடேறினால் அது இன்னும் தடுமாறும்.

"பார் தம்பி," என்றார் அப்புத்துரை வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "மனுசருக்கு இல்லாத காத்து தகரப்பெட்டிக்கு."

திரையில் இரண்டு வரிகள். எதிலிருந்து, எதற்கு. இந்த இடத்தில்தான் ஆட்கள் கவிழ்வார்கள். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் வெறும் தட்டு போய் நிறைந்த தட்டின்மேல் உட்கார்ந்துவிடும். பன்னிரண்டு வருடம் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகிவிடும். அவள் திரையிலிருந்த இலக்கத்தைப் பழைய தட்டின் முதுகில் ஒட்டியிருந்த இலக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். இரண்டாம் தடவையும் ஒப்பிட்டாள். அழுத்தினாள்.

நூற்றுக்கு ஒரு வீதம். இரண்டு வீதம்.

நிசாந்தன் ஏழாவது வீதத்தில் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பன்னிரண்டாவதில் திரும்பி வந்தான். "தம்பிதான். கனடாவில இப்ப நடுச்சாமம், நித்திரை கொள்ளாமல் இருக்கிறான். ஐயாவின்ர புத்தகத்தில ஒரு பிழையும் வரக்கூடாதெண்டு ஒற்றைக்காலில நிக்கிறான்."

"பிழையெண்டா என்ன?" என்று கேட்டாள் பிரியவதனி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிசாந்தன் எதிர்க் கதிரையில் போய் இருந்தான். அவனுக்கு நாற்பத்தாறு வயது. நல்ல சட்டை, நல்ல சப்பாத்து. காலையிலிருந்து மடியில் பிழைதிருத்தத் தாளை வைத்திருந்தான். சிவப்புப் பேனையில் தகப்பனின் பிறந்த வருடத்தைத் திருத்தியிருந்தான். தாயின் பெயர் இலட்சுமிப்பிள்ளைக்கு முன்னால் விடுபட்டுப்போன 'அமரர்' என்ற சொல்லைச் சேர்த்திருந்தான். நடுப்பக்கத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கோடும் இல்லை. அந்தப் பக்கத்தை அவன் பார்த்தானா, பார்க்காமல் திருப்பினானா என்று அவளால் நிதானிக்க முடியவில்லை.

முப்பது. நாற்பத்தாறு. ஐம்பத்தெட்டு. தட்டு இடைக்கிடை கரகரத்தது. ஆனால் நடந்தது. பன்னிரண்டு மணிக்குச் சந்தியால் போன பேருந்தின் ஒலிப்பானுக்கு அப்புத்துரை எழும்பினார், பார்த்தார், மறுபடி இருந்தார்.

பன்னிரண்டு பத்துக்கு எழுபத்தொரு வீதத்தில் எண் நின்றது.

டிக். டிக். டிக். கர்ர். மறுபடி அதே மூன்று டிக். ஐந்து நிமிடம் எண் அசையவில்லை. பிறகு திரையில் ஒரு சிறு கட்டம் எழுந்தது. ஒரு பகுதியை வாசிக்க முடியவில்லை. நிறுத்தவா, தவிர்த்துவிட்டுத் தொடரவா?

"என்னவாம்?" நிசாந்தன் அவளுடைய தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"தட்டில ஒரு இடம் செத்துப்போச்சு. அதைத் தாண்டிப் போறதோ எண்டு கேக்குது."

"அந்த இடத்தில என்ன இருந்தது?"

"வந்த பிறகுதான் தெரியும்."

என்ன இருந்திருக்கக்கூடும் என்று அவள் நினைக்காமல் இல்லை. ஆயிரக்கணக்கான படங்கள், விண்ணப்பங்கள், பதினெட்டு வயதில் எடுத்த முகங்கள், கலியாண அழைப்பிதழ்கள், ஊரின் பாதிக் குடும்பங்களின் வம்சாவளிகள். அதில் ஏதோ ஒன்று. அல்லது விண்டோசே எழும்பாமல் போகும் ஒரு துண்டு. நிறுத்தினால் எல்லாம் போகும். தவிர்த்தால் ஒன்று போகும். கணக்கு நேரானது. அவள் தவிர்த்தாள். கொஞ்சம் போய் மறுபடி கேட்டது. மறுபடி தவிர்த்தாள். மூன்றாம் தடவையும். அதன் பிறகு எண் ஓடத்தொடங்கியது. எழுபத்திரண்டு, எழுபத்தைந்து, எண்பது. அவள் முதல்தடவையாகக் கதிரையில் சாய்ந்தாள்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு நூறு. பழைய தட்டைக் கழற்றித் துணியில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்தாள். புதியதை உள்ளே பூட்டினாள். பொத்தானை அமர்த்தினாள்.

கறுப்புத் திரை. மூலையில் ஒரு சிறு வெள்ளைக் கோடு மினுங்கியது. வேறொன்றும் இல்லை.

நிசாந்தன் தலையில் கைவைத்தான். "சொன்னனே நான்! ரவுணுக்குக் கொண்டு போயிருக்கலாம்!"

"பொறுங்கோ அண்ணை. உடம்பு வந்திட்டுது, எழும்புற வாசலை மட்டும் மறந்து நிக்குது." பென்ட்ரைவை மாற்றிக் குத்தினாள். திருத்தும் பக்கத்தைத் திறந்து நாலு வரி அடித்தாள். அவளுடைய விரல்களுக்கு அந்த வரிகள் மனப்பாடம். நிறுத்தி, மறுபடி எழுப்பினாள்.

பதினாலு வினாடி. முன்பு தேத்தண்ணி போட்டுக் குடித்து முடிக்கும்வரை எழும்பாத கணினி, பதினாலு வினாடியில் முழுதாக வந்து நின்றது. அதே பின்னணிப் படம், அதே கோப்புறைகள், பழைய சொப்ட்வெயாரின் அதே அசிங்கமான சின்னம் இடப்பக்க மூலையில்.

"அடி சக்கை!" என்றார் அப்புத்துரை. பகிடி இல்லாமல் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

பிரியவதனி சிரித்தாள். அந்தச் சிரிப்பு அரை நிமிடம்தான் நீடித்தது. நிசாந்தன் கொடுத்த தாளின்படி செய்த கல்வெட்டை இரண்டு தடவை அழுத்தினாள். திறக்கவில்லை. கோப்பு பழுதடைந்துள்ளது என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். அதே வாசகம். செத்துப்போன அந்த இடத்தில் என்ன இருந்தது என்பது இப்போது தெரிந்துவிட்டது.

அதற்கு மேல்வரியில், பங்குனி மாதத் திகதியோடு, மற்றக் கோப்பு இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

மணி ஒன்று இருபது. நாற்பது பக்கத்தையும் தாளைப் பார்த்துத் திருப்பி அடிப்பதென்றால் நாளைக்கும் முடியாது. மேல்வரிக் கோப்பைத் திறந்தால், இறந்த திகதியையும் நன்றி நவிலலையும் சேர்க்க இருபது நிமிடம் காணும். நடுப்பக்கத்தைத் திருத்த ஒரு நிமிடம். அதை இவன் வெளியே போன நேரம் பார்த்து, ஓசைப்படாமல் செய்துவிடலாம். ஏற்கெனவே ஒருதடவை செய்தவள்தான். அந்தத் தடவை இரவு முழுக்க நித்திரை வரவில்லை என்பதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"அப்புத்துரை அண்ணை," என்றாள். "ஒரு உதவி. கடையில மூண்டு சோடா வாங்கிக்கொண்டு வாங்கோ. குளிரா இருக்கிறதாப் பாத்து."

"குளிரானது சந்திக் கடையில இல்லை. கோயிலடிக்குப் போகவேணும்."

"கோயிலடிக்குப் போங்கோ."

அப்புத்துரை அவளையும் பார்த்தார், நிசாந்தனையும் பார்த்தார். நல்ல கட்டம் ஒன்றைத் தவறவிடப்போகிறோம் என்பது அவருக்குப் புரிந்தது. ஆனாலும் போனார்.

"அண்ணை, இதில வந்து இருங்கோ," என்று தன்னுடைய கதிரையை நிசாந்தனுக்குக் கொடுத்துவிட்டு அவள் நின்றுகொண்டாள். "நீங்கள் தந்த தாளின்படி செய்தது போயிட்டுது. திறக்காது. ஆனா இன்னொண்டு இருக்கு. அதை வச்சு மூண்டு மணிக்குள்ள அனுப்பலாம்."

"இன்னொண்டோ? ஆர் செய்தது?"

"நான்தான் அடிச்சனான். சொன்னது உங்கட ஐயா."

நிசாந்தன் விளங்காமல் பார்த்தான்.

"பங்குனியில வந்தவர். இந்தக் கதிரையிலதான் இருந்தவர். ஆரும் கேட்டா குடும், கேக்காட்டி விடும் எண்டு சொன்னவர். நீங்கள் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை. அது என்ர பிழை." அவள் கோப்பைத் திறந்தாள். கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தது. ஆழ்வாப்பிள்ளையின் படம் நெற்றி, கண், மீசை என்று காத்திருக்க வைக்காமல் முழுதாக வந்து இருந்தது. பக்கங்களைத் தள்ளி நடுப்பக்கத்தில் நிறுத்தினாள்.

ஆழ்வாப்பிள்ளை – இலட்சுமிப்பிள்ளை. கீழே மூன்று பெட்டிகள். நிசாந்தன் (சுவிஸ்). கிருசாந்தி (நாரந்தனை). நிலக்ஷன் (கனடா). நடுப்பெட்டியில் டிலோன் என்ற பெயர். அதற்குக் கீழே ஆகாஷ், மரியநிலா.

நிசாந்தன் பெட்டி பெட்டியாக வாசித்துக்கொண்டு வந்தான். அவனுடைய பார்வை கடைசிப் பெயரில் நின்றது.

"இந்தச் சின்னப் பிள்ளை எப்ப பிறந்தது?"

"எனக்குத் தெரியாது அண்ணை. ஐயா சொல்லேக்க மூண்டு வயசெண்டவர்."

"மூண்டு வயசு." அவன் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். "ஐயாவுக்கு எப்பிடித் தெரியும்? நாங்கள் ஒருத்தரும் போறேல்லை, வாறேல்லை."

"மாதத்தில ஒரு செவ்வாய்க்கிழமை ஊர்காவற்றுறைக்குக் கிளினிக் போறவர்தானே."

"கிளினிக் காலமை முடிஞ்சிடும்."

"ஓம். நாரந்தனை அங்கயிருந்து கிட்டத்தானே. ஐயா பின்னேர பஸ்ஸிலதான் வாறவர்."

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. நிசாந்தன் மடியிலிருந்த பிழைதிருத்தத் தாளை மேசையில் வைத்தான். அது வழுக்கி நிலத்தில் விழுந்தது. அவன் எடுக்கவில்லை. "ஒவ்வொரு கிழமையும் நான் ஃபோன் எடுக்கிறனான்," என்றான். "கிளினிக்கில என்ன சொன்னவை எண்டு கேப்பன். நல்லா இருக்கு எண்டுதான் சொல்லுவார். எல்லாம் நல்லா இருக்கு எண்டு."

பிறகு குரல் மாறியது. "எடுத்துவிடும் தங்கச்சி. தம்பியோட கதைச்சு முடிவெடுத்தது. இப்ப நான் மாத்தினா அவன் என்னோட முகம் முழிக்கமாட்டான். ஒரு நிமிசம்தானே, எடுத்துவிடும்."

"எடுக்கமாட்டன் அண்ணை."

"என்ன?"

"போனமுறை நான் எடுத்தனான். உங்களுக்குத் தெரியாமல் எடுத்தனான். இந்தமுறை ஐயாவின்ரை உங்களுக்கு முன்னால திறந்து கிடக்கு. எடுக்கிறதெண்டா நீங்களே எடுங்கோ. கஷ்டமில்லை. பெட்டியில ஒருக்காத் தட்டிப்போட்டு, இந்தக் கீயை அமத்தினாச் சரி." அவள் மௌசை அவனுடைய கைப்பக்கம் நகர்த்தினாள். "மிச்சத்தை நான் பாப்பன். மூண்டு மணிக்குப் போகும். அதில மாற்றமில்லை."

அவள் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. காலையில் இலக்கங்களை ஒப்பிட்டாளே, அதே நிதானம். நிசாந்தன் அவளை நிமிர்ந்து பார்த்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவன் திட்டவில்லை. மௌசைப் பிடித்தான். அம்புக்குறி திரையில் கொஞ்சம் அலைந்து, நடுப்பெட்டிக்கு வந்து நின்றது. அழுத்தினான். பெட்டியைச் சுற்றி எட்டுச் சிறு கறுப்புப் புள்ளிகள் எழும்பின.

அவள் காட்டிய கீயை அமர்த்தினான்.

பெட்டி போய்விட்டது. நாலு பெயர்களும் ஒரே கணத்தில்.

ஆனால் கோடு போகவில்லை. தாய் தகப்பனின் பெயர்களுக்குக் கீழே தொடங்கி மூன்றாகப் பிரிந்து, இரண்டு கிளைகள் இரண்டு பையன்களின் தலையில் போய்த் தொட்டன. நடுக்கிளை நேரே கீழே இறங்கி, நுனியில் ஒன்றுமில்லாமல் நின்றது.

"இந்தக் கோடு ஏன் நிக்குது?"

"அது பெட்டியோட சேந்ததில்லை அண்ணை. மேல இருந்து, ஐயா அம்மாவில இருந்து வாறது. அதையும் தனியாத் தொட்டு அழிக்கவேணும்." அவள் தட்டச்சுப் பலகையில் இரண்டு கீகளைத் தொட்டுக் காட்டினாள். "இல்லாட்டி, உந்த ரெண்டு கீயையும் சேத்து அமத்துங்கோ. எடுத்த பெட்டி திரும்பி வரும். ஃபைலை மூடுமட்டும் அப்பிடித் திருப்பி எடுக்கலாம்."

மேசையில் அவளுடைய கைபேசி அதிர்ந்தது. அச்சகம். அவள் எடுக்கவில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புவரை நகர்ந்து ஓய்ந்தது.

நிசாந்தன் அம்புக்குறியைக் கோட்டின்மேல் கொண்டுபோனான். மெல்லிய கோடு. அம்பு அதில் பிடிபடவில்லை. தட்டினான், பக்கத்து வெள்ளையில் பட்டது. இன்னும் கிட்டக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினான். மறுபடி வெள்ளைதான். மூன்றாம் தடவை சரியாக அதன்மேல் வைத்தான். விரல் அழுத்தவில்லை. மற்றக் கை எப்போது எழுந்தது என்று தெரியவில்லை, அது தட்டச்சுப் பலகைக்கு மேலே, அவள் காட்டிய இரண்டு கீகளுக்கும் கொஞ்சம் உயரத்தில் நின்றது. திரையில், ஆழ்வாப்பிள்ளையிடமிருந்து புறப்பட்ட அந்தக் கோடு வெள்ளைத் தாளில் நேரே இறங்கி, அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.